வீட்டுக்குள் விழுந்த சாம்பல்

என் அக்காவுக்குக் கண் இரண்டு. வேலை செய்வது வலது கண் ஒன்றுதான். இடது கண் ஏழு வயதில் சைக்கிள் பிரேக் கம்பி குத்திப் போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது பாதிதான். மிச்சமிருக்கும் அந்த ஒரு கண்ணுக்கும் மைனஸ் பதினொன்று பவர். கண்ணாடியைக் கழற்றினால் தன் விரலை எண்ணக்கூட மூக்கு வரை கையைக் கொண்டுவர வேண்டும்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் பார்க்கும் உத்தியோகம் என்ன தெரியுமா? சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங். தைத்து முடித்த சட்டை மேஜைக்கு வரும். கறை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா, பொத்தான் கோணலா என்று பார்த்துத் தள்ள வேண்டும். இரண்டு கண்ணும் நன்றாக இருப்பவர்கள் தவறவிடும் ஊசிமுனை எண்ணெய்ப் பொட்டை இவள் பிடித்துவிடுவாள். அங்கே அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், போகப்போக மரியாதையாகிவிட்டது. "கழுகு பாத்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவார்கள்.

நான் தங்கை. கூரியர் அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். 'என் பார்சல் எங்கே' என்று கத்துகிறவர்களிடம் நாள் முழுக்கத் திருப்பிக் கத்துவது என் பிழைப்பு. எனவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, நாங்கள் இருவர். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

வருடத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் போவோம். கடைசியாகப் போனபோது அவர் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"விழித்திரை ரொம்ப மெலிசா இருக்கும்மா. கிழிஞ்சா அப்படியே உரிஞ்சு வந்துடும். மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கருப்பா பொட்டுப் பொட்டா பறக்குற மாதிரி தெரிஞ்சாலோ, ஓரத்துல வெளிச்சம் பளிச் பளிச்னு அடிச்சாலோ, ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருட்டுனாலோ அன்னிக்கே ஓடி வந்துடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தீங்கன்னா பார்வையே போயிடும். உங்களுக்கு மாத்துக்கு இன்னொரு கண் இல்ல."

அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். நான் அதை ஃப்ரிட்ஜ் கதவில், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினேன். அன்றிலிருந்து எனக்கு உள்ளூர ஒரு பயம். அவள் கண்ணைக் கசக்கினால்கூட ஓடிப்போய் எதிரில் நிற்பேன். "என்னடி?" என்பேன். "தூசு" என்பாள். அக்காவை 'டி' போடுகிறேன் என்று நினைக்காதீர்கள், பயத்தில் வந்துவிடும்.

இனி அந்த விளையாட்டு. கணினியில் விளையாடுவது. மலையும் பனியும் காடும் உள்ள பெரிய தேசம் ஒன்று, அதில் ஒரு பெண் கையில் வாளோடு நடந்துகொண்டே இருப்பாள். மற்றவர்கள் அதில் அசுரர்களை வெட்டுவார்களாம். எங்கள் அக்கா யாரையும் வெட்ட மாட்டாள். மலை உச்சியில் ஏறி நின்று வேடிக்கை பார்ப்பாள். "இவ்ளோ தூரம் எனக்கு வேற எங்கடி தெரியும்?" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் நான் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

முழுக்க நிறுத்தவில்லை. ஏனென்றால் விளையாடுவதைவிட அதை அலங்கரிப்பதில்தான் அவளுக்குப் பொழுது போகும். அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் கொடுத்த மரமும் வானமும் போதாதென்று, உலகத்தில் யார் யாரோ வீட்டிலிருந்தபடி நல்ல மரம், நல்ல வானம், நல்ல வெயில் என்று செய்து இணையத்தில் போட்டு வைப்பார்களாம். அதற்கு 'மாட்' என்று பெயர். வேண்டியதை இறக்கி விளையாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அக்காவிடம் அறுபதுக்கு மேல் மாட் இருந்தன. "மாடெல்லாம் மேய்ச்சுக் கட்டியாச்சா? சாப்பிட வரியா?" என்று நான் கேட்பேன். "ரெண்டு முட்டிக்கிட்டு நிக்குது, பிரிச்சு விட்டுட்டு வரேன்" என்பாள்.

முட்டிக்கொள்வது உண்மைதான். ஒருவர் செய்த வெயிலும் இன்னொருவர் செய்த நிழலும் ஒரே இடத்தில் கை வைத்தால் சண்டை வரும். மரமெல்லாம் கத்திரிப்பூ நிறமாகிவிடும். ஆட்களின் முகம் கரியாகிவிடும். எது பட்டியலில் கடைசியாக ஏறுகிறதோ அதன் பேச்சுதான் செல்லும் என்பதால் வரிசையை மாற்றி மாற்றி வைத்து இவள் சமாதானம் செய்வாள். யார் சண்டைக்காரன் என்று தெரியாவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பாதியை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். கோளாறு போய்விட்டால் குற்றவாளி அணைத்த பாதியில். போகாவிட்டால் மிச்சப் பாதியில். அதில் மறுபடி பாதி. இப்படிக் குறைத்துக் குறைத்து அத்தனை பேரில் ஒருவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பாள். ஊர் பேர் தெரியாதவர்கள் இணையத்தில் அவளிடம் வழி கேட்டு நிற்பார்கள். தொழிற்சாலையில் கழுகு, அங்கே பஞ்சாயத்து.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அறுபத்து மூன்றாவது மாடைச் சேர்த்தாள். எரிமலைப் பக்கத்தில் வானத்திலிருந்து சாம்பல் விழுவதற்கான மாட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கருப்பும் சாம்பலுமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள், அவசரமே இல்லாமல் இறங்கின. அந்தப் பெண் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். கூரைக்குக் கீழே, அடுப்புக்கு மேலே, கட்டில் மேலே, அங்கேயும் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது.

"ஓட்டு வீடு ஒழுகுது போல" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வானிலை மாடுக்கும் சாம்பல் மாடுக்கும் தகராறு, கூரை இருப்பது சாம்பலுக்குத் தெரியவில்லை என்றாள். வரிசையை மாற்றினாள். மறுபடி வீட்டுக்குள் போனாள். சாம்பல் நின்றிருந்தது. நானும் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் பார்த்தது சத்தியம்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் பையை வைத்ததும் வைக்காததுமாகப் புலம்பினாள். நாற்பது வெள்ளைச் சட்டைகளைக் கறுப்புப் பொட்டுக் கறை என்று ஒதுக்கியிருக்கிறாள். சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றில்கூடக் கறை இல்லை.

"எல்லார் முன்னாடியும் 'கழுகுக்கு வயசாயிடுச்சா'ன்னு கேக்குறார்டி. அந்த டியூப் லைட் சரியில்ல. நாலு மாசமா சொல்றேன், மாத்தித் தொலைய மாட்டேங்குறாங்க."

நான் சிரித்தேன், அந்த டியூப் லைட்டை நானும் சேர்ந்து திட்டினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. கறுப்புப் பொட்டு என்று அவள் வாயால் சொல்கிறாள், நான் டியூப் லைட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் எங்கள் மேனேஜர் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். காணாமல் போன ஒரு பார்சலுக்கு நான்தான் பொறுப்பாம். நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அக்கா கூப்பிட்டாள்.

"பட்டாசு, இங்க வாயேன். நேத்து சரி பண்ணினேன்ல? இன்னும் வீட்டுக்குள்ள சாம்பல் விழுது. உனக்கும் தெரியுதா பாரு."

நான் காதில் போனோடு வாசற்படி வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் திரையில் ஜன்னல் வெளிச்சம் அடித்து ஒன்றும் சரியாகத் தெரியாது. மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"தெரியுது, தெரியுது, விழுது" என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"அப்பாடா" என்றாள் அக்கா.

கோளாறு இன்னும் இருக்கிறது என்று சொன்னால் யாராவது 'அப்பாடா' என்பார்களா? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பார்சல்தான் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. காபியைக் கொண்டுபோய் வைத்தேன். கையால் தடவித்தான் டம்ளரைப் பிடித்தாள்.

"பெரிய தலைவலியா இருக்குடி. முப்பத்தொண்ணை அணைச்சேன், போகல. அதை ஏத்திட்டு மிச்சத்தை அணைச்சேன், அப்பவும் போகல. இப்ப வெளிச்ச மாட் வேற ஓரத்துல பளிச் பளிச்னு அடிக்குது."

பளிச் பளிச். அந்தச் சொல்லை நான் வேறு ஒரு வாயிலிருந்து கேட்டிருந்தேன். அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்று, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக, அந்தத் திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மரவீடு. அடுப்பு. கட்டில். ஒரு துணுக்கு சாம்பல் கிடையாது. துடைத்து வைத்தது போல இருந்தது.

"எங்கக்கா விழுது?"

"இதோ. இதோ பாரு, பெருசா ஒண்ணு இறங்குதே." அவள் விரல் திரையில் மேலிருந்து கீழே மெல்ல வந்தது. விரலுக்கு அடியில் வெறும் சுவர் மட்டும் இருந்தது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். நாற்பது வயதை நெருங்குகிறவள், குழந்தைப்பிள்ளை மாதிரி பயந்தேன்.

"தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று சமையலறைக்கு ஓடினேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தேன். டாக்டர் சீட்டு இருந்த இடத்தில் கேஸ் சிலிண்டர் புக் செய்யும் நம்பர் எழுதிய பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அக்காவின் கையெழுத்து. அந்த நம்பர் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். தாளைத் தூக்கினேன். சீட்டு அடியில் பத்திரமாக இருந்தது. நாலு பக்கமும் டேப் போட்டு மூடியிருந்தாள்.

ஆக அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மூடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன். அறுபத்து மூணும் இல்ல. வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வெறுமனே வெச்சிருக்கேன்."

"இப்ப?"

"விழுது." குரல் தேய்ந்திருந்தது. "கீழ இடது மூலையில மேப் இருக்குமே, அதையும் காணோம். இருட்டாயிடுச்சு. நிழல் மாட்தான் போகாம அடியில எங்கயோ மிச்சம் நிக்குது. தேடணும்."

அந்த மூலையில் வட்டமான மேப் பளிச்சென்று இருந்தது. நடுவில் சிவப்பு அம்பு. எனக்கு ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது. திரை போட்ட மாதிரி இருட்டு. மூன்றாவதும் வந்துவிட்டது. பொட்டு, வெளிச்சம், திரை. மூன்றையும் ஒவ்வொரு மாடின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் கையை நீட்டித் திரையின் பொத்தானை அமுக்கினேன். எல்லாம் கறுப்பானது.

"ஏய்! என்னடி பண்ற?"

"இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குன்னு சொன்னேல்ல? அதையும் அணைச்சுட்டேன். இப்ப சுவத்தைப் பாருக்கா."

மேஜைக்குப் பக்கத்துச் சுவர் வெள்ளை. போன வருடம் நாங்களே அடித்த சுண்ணாம்பு. அவள் தலையைத் திருப்பினாள். பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒற்றைக் கண் மேலிருந்து கீழே எதையோ தொடர்ந்து இறங்கியது. மறுபடி மேலே போய் இறங்கியது.

"சுவத்துலயும் விழுதுடி" என்றாள்.

அப்புறம் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிட ஆறு வயது பெரியவள்.

"மாடா இருந்தா என்னால சரி பண்ண முடியும்ல? அதான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "எழுந்திரு, எழுந்திரு, செருப்பைப் போடு" என்று கத்தினேன். கத்தத்தான் எனக்குத் தெரியும். டாக்ஸியில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். டிரைவர் ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கியபோது நான் அவரைத் திட்டிய திட்டு அவர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் கண்ணுக்குள் ஏதோ உரிவதாக எனக்குத் தோன்றியது.

மருத்துவமனையில் ஞாயிறு என்பதால் வரிசை இல்லை. டியூட்டியில் இருந்த டாக்டரம்மா இளம்வயது. சொட்டு மருந்து விட்டு, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அதைவிடப் பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"மேல் பக்கம் கிழிஞ்சிருக்கு. உரிய ஆரம்பிச்சிருச்சு. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா பக்கத்துல வந்துடுச்சு. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். பொட்டு எப்ப இருந்து தெரியுது?"

"இன்னிக்குக் காலையில இருந்து" என்றாள் அக்கா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நேத்தும் விழுந்துச்சு டாக்டர். ஆனா அது கேம்ல. என் தங்கச்சியும் பார்த்தா. அவளுக்கும் தெரிஞ்சுது. அதனால அது கணக்குல வராது."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் என் கண்ணை நம்பி ஒரு நாளைத் தொலைத்திருக்கிறாள். தன் ஒரு கண்ணுக்கு என் இரண்டு கண்ணைச் சாட்சி வைத்திருக்கிறாள்.

"நான் பார்க்கல" என்றேன். "போன் பேசிக்கிட்டு இருந்தேன். சும்மா 'தெரியுது'ன்னு சொல்லிட்டேன். நேத்தே ஆரம்பிச்சிருக்கு டாக்டர். நேத்துக் காலையிலயே சட்டையில பொட்டு தெரிஞ்சிருக்கு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அக்கா திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். அவள் கையை நீட்டித் துழாவினாள். நான் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து கண்ணுக்குள் வாயு அடைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுமாம். ஐந்து நாள் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும். இருந்த ஒரு கண்ணிலும் கட்டு. அந்த ஐந்து நாளும் அவள் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஒட்டிக்கிச்சான்னு எப்படித் தெரியும்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒட்டியிருக்கும்" என்பேன். "நீ பார்த்தியா?" என்பாள். கட்டைப் பிரித்த பிறகும் நாலு வாரம் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பது போலத்தான் தெரிந்தது. குமிழி கரையக் கரைய மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உலகம் இறங்கி வந்தது. நான் தினமும் காலையில் அவள் எழுந்து கூப்பிடும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒட்டிவிட்டது. முழுக்க இல்லை. இடது பக்கம் கீழே ஒரு மூலை திரும்பி வரவில்லை. "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் கணினியைத் திறந்தாள். மேப்பை வலது பக்கத்துக்கு மாற்றிவைக்கும் ஒரு மாடைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தாள். அது வேறு இரண்டோடு முட்டியது, பிரித்துவிட்டாள். அப்புறம் என்னைக் கேட்காமலே அந்தச் சாம்பலையும் சேர்த்துவிட்டாள்.

"பட்டாசு, வந்து பாரு."

அடுப்பில் பால் இருந்தது. பொங்கினால் பொங்கட்டும் என்று போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எரிமலை, மலைச்சரிவு, வானம் முழுக்கச் சாம்பல்.

"தெரியுதா?"

"தெரியுது."

"வாயால சொல்லாத. காட்டு."

நான் ஒரு பெரிய துணுக்கைப் பார்த்து அதன் மேல் விரலை வைத்தேன். அவளும் தன் விரலைக் கொண்டுவந்தாள். இரண்டு விரலும் அந்த ஒரே துணுக்கின் மேல் ஒட்டிக்கொண்டு, திரையின் அடிவரைக்கும் சேர்ந்து இறங்கின.

அவள் திரையை அணைத்தாள். சுவரைப் பார்த்தாள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

"இல்ல" என்றாள்.